கஸ்தூரியின் பழைய எண்

நம் நிவாரண நிறுவனத்தின் பணம் அனுப்பும் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். குடும்பங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது, கைப்பேசிக்கு ரகசிய எண் எப்படிப் போகிறது, அதைக் காட்டினால் கடைக்காரர் ரொக்கம் தருவது எப்படி என்றெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதில் நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு மென்பொருளே மாறிவிட்டது என்கிறார்கள். நான் உங்களிடம் சொல்ல நினைப்பது இரண்டு பேரைப் பற்றி. ஒருவர் திருவொற்றியூர்க் குப்பத்துக் கஸ்தூரி. இன்னொருவர் வியாசர்பாடி தனசேகர். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. நாம்தான் அவர்களை ஒரே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம்.

ஊரடங்கின் தொடக்க மாதங்கள். விசைப்படகுகள் கட்டிய இடத்திலேயே கிடந்தன. காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகைகள் மூடிவிட்டன. எண்ணூர் வரைக்கும் கண்டெய்னர் லாரி வரிசை இல்லாத சாலையை என் வாழ்நாளில் அப்போதுதான் பார்த்தேன். வேலை போனவர்களுக்குப் பணம் அனுப்ப நமக்கு நிதி கிடைத்தது. ஆனால் வீடு வீடாகப் போய் யார் யார் என்று எழுத முடியாது. முந்தைய புயல் நிவாரணத்தின்போது எடுத்து வைத்திருந்த கைப்பேசி எண்களையே பயன்படுத்தலாம் என்று தலைமை அலுவலகம் முடிவு செய்தது. கடையில் அடையாள அட்டை கேட்க வேண்டாம், செய்தியைக் காட்டினால் போதும் என்பதும் அவர்கள் முடிவுதான். அவசரம் அப்படி. மக்கள் பசியோடு இருந்தார்கள். அந்த முடிவை இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன்.

முதல் தவணை போனது. கஸ்தூரி நம் உதவி எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அழைத்து, தனக்குப் பணம் வரவில்லை என்றார். கணினியில் பார்த்தால் பணம் எடுக்கப்பட்டுவிட்டது. அழைப்பை எடுத்த நம் அலுவலகப் பிள்ளைகளுக்கு அலுப்பு வந்துவிட்டது. "வாங்கிட்டு இன்னொரு தடவை கேக்கறாங்க மேடம்" என்றார்கள். அப்படிக் கேட்பவர்களும் உண்டு. பசியில் இருப்பவர் பொய் சொல்ல மாட்டார் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் களத்துக்கு வந்ததில்லை என்று அர்த்தம். ஆனால் பொய் சொல்கிறவர் பெரும்பாலும் காரணத்தைச் சேர்த்துச் சொல்வார். கஸ்தூரி எந்தக் காரணமும் சொல்லவில்லை. "வர்ல மேடம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அதனால் ஊரடங்கு அனுமதிச் சீட்டு ஒட்டிய வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போனேன்.

கடலுக்கு முதுகைக் காட்டியபடி ஒற்றை அறை வீடு. கஸ்தூரி வாசலிலேயே நின்றிருந்தார். இறால் கொட்டகையில் பல வருடம் வேலை பார்த்த கைகள், விரல் நுனியெல்லாம் வெடிப்பு. அவருடைய கணவர் ஏழுமலை விசைப்படகுத் தொழிலாளி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உள்ளே பாயில் ஒரு சிறுமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"தூங்கறா மேடம். பொண்ணு, பிரியா. ஒடம்பு சரியில்ல" என்றார் கஸ்தூரி.

பதிவில் இருந்த எண்ணை வாசித்துக் காட்டினேன்.

"அய்யோ, அது பழைய நம்பரு மேடம். ரீசார்ஜ் பண்ண வழியில்லாம அத்த உட்டு ரொம்ப நாளாச்சி. புயலுக்கு வந்து எய்திகினு போனப்ப அதான் இருந்துச்சி."

விஷயம் அப்போதே புரிந்துவிட்டது. பணம் கட்டாமல் விட்ட எண்ணை நிறுவனம் எடுத்து வேறொருவருக்கு விற்றிருக்கும். வாசலில் நின்றபடியே அந்த எண்ணை அழைத்தேன்.

"அலோ, யாரு?" ஓர் ஆண் குரல்.

"நிவாரண ஆபீஸ்லேருந்து பேசறேன். உங்க பேரு?"

"தனசேகரு மேடம். வியாசர்பாடி."

"இந்த நம்பருக்கு ஒரு மெசேஜ் வந்துச்சா தனசேகர்? கடையில காட்டிப் பணம் வாங்கற மாதிரி?"

"வந்துச்சி மேடம். பக்கத்து வூட்டுக்கெல்லாம் வந்துகினு இருந்துச்சி. எனுக்கும் வந்துச்சின்னு நெனச்சி வாங்கினேன். அரிசி எட்தேன். பொஞ்சாதி மாசமா கீறா, அவளுக்கு ஸ்கேன் பாத்தேன். ஏன் மேடம், இன்னா ஆச்சி?"

"அது வேற ஒருத்தருக்கு வர வேண்டிய பணம்."

அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் உள்ளே சிறுமியின் மூச்சுச் சத்தம் என் காதில் விழுந்தது. தூங்குகிறவர்கள் அப்படி மூச்சு விட மாட்டார்கள். ஓடி வந்தவர்கள் வாங்குவதுபோல ஆழமாக, வேகமாக, நிற்காமல். "அப்புறம் கூப்பிடறேன்" என்று அழைப்பைத் துண்டித்துவிட்டு உள்ளே போனேன். அவள் வாயருகே குனிந்தபோது, கனிந்து அழுகப் போகிற பழத்தின் வாடை.

"சுகரா?"

கஸ்தூரி தலையை ஆட்டினார். சிறு வயதிலிருந்தே. இன்சுலின் குப்பியைச் சூடு படாமலிருக்க ஈர மண் போட்ட பானையில் வைத்திருந்தார்கள். பேருந்து இல்லாததால் அரசு மருத்துவமனைக்குப் போய் மருந்து வாங்க முடியவில்லை. கடையில் வாங்கக் காசில்லை. அதனால் இருப்பதை நீட்டிக்க, போடுகிற அளவைக் குறைத்திருந்தார்கள்.

"காசு வந்துரும்னு சொன்னாங்கோ மேடம். அத்த நம்பிதான் கொஞ்சம் கொஞ்சமா போட்டுகினு இருந்தேன்."

இளைஞர்களே, நான் அங்கே போனது ஒரு புகாரை விசாரிக்க. என் கையில் விசாரணைப் படிவம் இருந்தது, பாதி நிரப்பியிருந்தேன். அதை அங்கேயே போட்டுவிட்டுச் சிறுமியைத் தூக்கச் சொன்னேன். ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் அந்த வீட்டில் உள்ளவர்களைப் பாருங்கள், பிறகு உங்கள் வேலையைப் பாருங்கள். வரிசை மாறினால் பல சமயம் வேலை மட்டும்தான் மிஞ்சும்.

மருத்துவமனையில் நோயாளியுடன் ஒருவரைத்தான் அனுமதித்தார்கள். கஸ்தூரி உள்ளே போனார். ஏழுமலை வீட்டிலேயே இருந்துவிட்டார். அவசரப் பிரிவு மருத்துவர் ஓர் இளம் பெண். முகக் கவசத்துக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. "இன்னும் தாமதிச்சிருந்தா எங்க கையில எதுவும் இருந்திருக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினார்.

வெளியே வேப்ப மரத்தடியில் நின்று தலைமை அலுவலகத்தின் நிதிப் பிரிவுத் தலைவரை அழைத்தேன். நல்ல மனிதர். அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் என்று நான் யாரையும் காட்டப் போவதில்லை. கஸ்தூரிக்கு உடனே மறுபடி பணம் அனுப்ப வேண்டும் என்றேன்.

"ஒரே குடும்பத்துக்கு ரெண்டு தடவை எப்படிம்மா அனுப்பறது? தணிக்கையில நிக்காது. அந்த ஆள் மேல போலீஸ்ல ஒரு புகார் கொடுங்க. புகார் ரசீது வந்தா, திருட்டுன்னு காட்டி அதே நாள்ல அனுப்பிடறேன்."

"அவர் திருடல சார். நாமதான் அவர் போனுக்கு அனுப்பினோம்."

"எனக்குப் புரியுது. ஆனா தப்பு நம்ம பக்கம்னு எழுதினா, மொத்த எண்களையும் சரிபாக்கற வரைக்கும் நிதி கொடுத்தவங்க அடுத்த தவணையை நிறுத்திடுவாங்க. கடலோரம் முழுக்க நிக்கும். ஒரு ஆளுக்காக அத்தனை குடும்பத்தையும் பட்டினி போடப் போறீங்களா? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அன்றிரவு முழுவதும் எனக்குச் சாதகமாக ஒரு வாதத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஒரு பக்கம் ஒரே ஒரு மனிதர், எனக்கு முகம்கூடத் தெரியாதவர். மறுபக்கம் எண்ணூர் வரை அடுப்பு எரியாத வீடுகள். புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். வியாசர்பாடி விலாசம், தினக்கூலி, திருட்டுப் புகார், அதுவும் ஊரடங்கு நேரம். விசாரணைக்குப் போகிறவர் எந்த நிலையில் திரும்பி வருவார் என்று அந்தப் பகுதியில் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் ராயபுரத்துக்காரி.

முடிவெடுக்கும் முன்பு அந்த மனிதரை ஒரு முறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. காலையில் அந்த எண்ணை மறுபடி அழைத்தேன். எடுத்தது ஒரு பெண், அழுதுகொண்டிருந்தார்.

"அவரு இல்ல மேடம். அரிசி மூட்டைய தூக்கிகினு திருவத்தியூருக்கு நடந்து போய்கினு கீறாரு. ஏயுமலைன்னு ஒர்த்தரு நேத்து போன் பண்ணாரு. என் பொண்ணு ஆஸ்பத்திரில கீது, அதுக்கு எதுனா ஆச்சின்னா ஆளுங்களோட வூட்டாண்ட வருவேன்னாரு. இவரு பயந்துட்டாரு. போனையும் என்னாண்ட குட்த்துட்டுப் போய்ட்டாரு."

ஏழுமலைக்கு எண் எப்படிக் கிடைத்தது என்று ஒரு கணம் யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? அது அவர் வீட்டு எண். மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்.

வண்டியை எடுக்கச் சொன்னேன். வியாசர்பாடியிலிருந்து நடந்து வருகிறவர் கொருக்குப்பேட்டை வழியாகத்தான் வர வேண்டும். ரயில்வே கேட்டைத் தாண்டி, மூடிய கடைகளின் வரிசையில் அவரைப் பார்த்தோம். யாரும் சொல்லாமலே அவர்தான் என்று தெரிந்தது. சாலையில் முட்டி போட்டு உட்கார்ந்து, சிதறிக் கிடந்த அரிசியை இடக்கையால் கூட்டி அள்ளிக் கிழிந்த பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். வலக்கை மார்போடு ஒட்டியிருந்தது. மணிக்கட்டு இரண்டு மடங்காக வீங்கியிருந்தது.

"தனசேகர்?"

நிமிர்ந்து பார்த்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். ரயில்வே பார்சல் மூட்டை தூக்குகிறவர், தோள் அப்படி அகலம். "நேத்து பேசுன மேடமா?" என்று எழப் பார்த்தார். முடியவில்லை.

"யார் அடிச்சாங்க?"

"போலீசு மேடம். தடுப்பாண்ட நின்னுகினு இருந்தாங்கோ. எங்கடா போறன்னாங்கோ. அரிசி குடுக்கப் போறேன்னேன். நம்பல." சொல்லிவிட்டு மறுபடி குனிந்து அள்ளத் தொடங்கினார். "மண்ணு ஒட்டிகினு கீது மேடம். பொடச்சிட்டா சரியாய்டும்."

அரிசி போகட்டும், வண்டியில் ஏறுங்கள் என்றேன். கேட்கவில்லை. நானும் ஓட்டுநரும் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து அள்ளினோம். அள்ளி முடித்த பிறகுதான் ஏறினார்.

எலும்பு முறிவுக்கு எனக்குத் தெரிந்த ஒரே இடம், பிரியா படுத்திருந்த அதே மருத்துவமனை. வேறெங்கே போவது? கொரோனாவுக்காகப் பாதிப் பிரிவுகளை மாற்றியிருந்தார்கள். எலும்புப் பிரிவு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தாழ்வாரத்தில் அவரை உட்கார வைத்துவிட்டு விசாரிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கஸ்தூரி அவருக்கு எதிரில் நின்றிருந்தார். வார்டிலிருந்து தண்ணீர் பிடிக்க வந்தவர், தாழ்வாரத்தில் அரிசிப் பையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். தனசேகராகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார்.

"எங்கூட்டுக்காரரு போன்ல இன்னா சொன்னாரு?" என்று கஸ்தூரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அத்த உடுக்கா. புள்ள எப்டி கீது?"

"கண்ணு முயிச்சிட்டா."

தனசேகர் இடக்கையால் பையை அவர் பக்கம் தள்ளினார். "மொத்தமும் இல்லக்கா. கொஞ்சம் ஆக்கித் துன்னுட்டோம். மிச்சம் வேல வந்ததும் குட்த்துர்றேன்."

கஸ்தூரி பையைத் தொடவில்லை. திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. அவருடைய கையையே பார்த்தபடி நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, அது என் மேல்தான். "இன்னா மேடம் பண்ணி வெச்சிருக்கீங்கோ எங்கள?" என்றார். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. வேப்ப மரத்தடிக்குப் போய் நிதித் தலைவரை அழைத்து, புகார் கொடுக்க மாட்டேன் என்றேன். சரிபார்க்காத எண்ணுக்கு அனுப்பியது நம் நிறுவனம், அதை எழுத்தில் தருகிறேன், கையெழுத்து என்னுடையது என்றேன். "அடுத்த தவணை நின்னா ஜனங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். சரி என்றேன்.

நின்றது. அவர் சொன்னபடியே நின்றது. கஸ்தூரிக்கு மட்டும், நிதி கொடுத்தவர்களிடம் கெஞ்சி, பணம் வாங்கிக் கொடுக்க முடிந்தது. மற்ற எல்லோருக்கும் தவணை தள்ளிப் போயிற்று. ஒவ்வொரு எண்ணையும் அழைத்து, எடுத்தவரிடம் பெயரைக் கேட்டு உறுதி செய்தோம். அந்த நாட்களில் நான் குப்பங்களுக்குள் நடந்தபோது என்னைப் பார்த்து வணங்கியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எர்ணாவூரில் ஒரு பெண் வழியை மறித்தார். "எவனோ ஒர்த்தன காப்பாத்த எங்க புள்ளைங்க வயித்தக் காய போட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று கேட்டார். அவர் பிள்ளைகள் அந்த வாரம் என்ன சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

சரியான முடிவை எடுத்தால் மனம் லேசாகும் என்று நினைத்து இந்த வேலைக்கு வந்திருந்தால், இப்போதே சொல்லிவிடுகிறேன், ஆகாது. இரண்டு தீங்குகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, தேர்ந்தெடுத்த தீங்கும் தீங்குதான். நான் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்று. பணம் தாமதமாவது கொடுமை, ஆனால் தாமதமான பணத்தைப் பிறகு கொடுக்க முடியும். செய்யாத திருட்டை ஒரு மனிதன் தலையில் கட்டிவிட்டால் அதை எடுக்க நம்மிடம் எந்த வழியும் இல்லை. சரிபார்த்ததில் இன்னும் சிலருடைய எண்களும் கைமாறியிருப்பது தெரிந்தது. நீங்கள் இப்போது பணம் அனுப்பும் முன் ஒவ்வொருவரையும் அழைத்துப் பெயர் கேட்கிறீர்களே, சலிப்பூட்டும் அந்த வேலை, அது இப்படித்தான் வந்தது.

தனசேகரின் எலும்பு சரியாகக் கூடவில்லை. கூட்டத்தில் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுபடி வரச் சொன்ன நாளில் அவரால் வர முடியவில்லை. ரயில்கள் ஓடத் தொடங்கியபோது மூட்டை தூக்க மற்றவர்களைக் கூப்பிட்டார்கள், அவரைக் கூப்பிடவில்லை. நம் திட்டத்தில் அவரைச் சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் எழுதினேன். வேலை இல்லை, கை சரியில்லை, வீட்டில் கைக்குழந்தை. இவரைவிடத் தகுதியானவர் யார்? அந்த எண் ஏற்கெனவே ஒரு முறை பயனடைந்திருக்கிறது என்று நிராகரித்துவிட்டார்கள். மறுபடி எழுதினேன். மறுபடி அதே பதில். இப்போது மாதவரத்தில் ஒரு லாரி நிறுத்துமிடத்தில் காவலாளியாக இருக்கிறார். அந்தக் கைக்கு அந்த வேலைதான் கிடைத்தது.

பிரியா அந்த முறை பிழைத்து வீடு திரும்பினாள். அதற்கடுத்த வருடம் மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, சர்க்கரை ஏறி, இறந்துபோனாள். அதற்கும் இந்தப் பணத்துக்கும் தொடர்பில்லை. மருத்துவரிடம் கேட்டே இதைச் சொல்கிறேன். ஏழுமலை என்னிடம் வந்து செய்தியைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "அந்தத் தம்பிக்கிட்ட நான் அப்டி பேசியிருக்கக் கூடாது" என்றார். அவரிடமே சொல்லுங்கள் என்று எண்ணைக் காட்டப் போனேன். "தெரியும் மேடம்" என்றார். ஆனால் அவர் அழைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

தனசேகர் என்னை அவ்வப்போது அழைப்பார். பொங்கலுக்கு, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தபோது, இப்படி. என் கைப்பேசியில் அந்த எண்ணை இன்றுவரை கஸ்தூரி என்ற பெயரிலேயே வைத்திருக்கிறேன், மாற்ற மனம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் பேச்சின் முடிவில், "அந்தப் பாப்பா நல்லாகீதா மேடம்?" என்று கேட்டுவந்தார். ஒரு முறை உண்மையைச் சொல்லிவிட்டேன். மறைப்பது தவறு என்று தோன்றியது.

"நான் துன்ன சோறு மேடம் அது" என்றார்.

இல்லை என்றேன். வேறு வருடம், வேறு காய்ச்சல், உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன். "நீங்கோ நல்ல மனசு, அப்டி சொல்றீங்கோ" என்றார். எத்தனையோ முறை விளக்கியாயிற்று. ஒவ்வொரு முறையும் சரி மேடம் என்பார், குரலிலேயே தெரியும், நம்பவில்லை என்று.

எனக்கு முழங்கால் வலி, முன்புபோல அலைய முடிவதில்லை. நீங்கள் வேலையாக மாதவரம் பக்கம் போவீர்கள். பேருந்து நிலையத்தைத் தாண்டி அந்த லாரி நிறுத்துமிடம். வலக்கையைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தபடி வாசலில் உட்கார்ந்திருப்பார். நிறுவனத்திலிருந்து வருகிறேன் என்று சொல்லி அவரிடம் சொல்லுங்கள்: தவறு எங்களுடையது. என்னிடமிருந்து கேட்டுக் கேட்டு அவருக்குப் பழகிவிட்டது. புதிதாக ஒருவர் சொன்னால் ஒருவேளை நம்புவார்.